ஞானமணியம்மாவுக்கு வந்த கார்டுகள்

முதல் கார்டு ஜப்பானிலிருந்து வந்தது. 1966, வைகாசி மாதம். அப்போது நான் காரைக்குடியில் செக்காலைப் பக்கம் தபால் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுத் தபால் எங்கள் ஊருக்குப் புதிதில்லை. பர்மா, மலேயா, சிலோன் என்று செட்டியார் வீடுகளுக்கு வந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் இது கடிதம் இல்லை. ஒரு பக்கம் மலையின் படம். படத்துக்கு மேலே பெரிய எழுத்தில் நாலைந்து இங்கிலீஷ் எழுத்து, நடுவில் ஒரு எண். ஊர்ப் பெயரும் இல்லை, ஆள் பெயரும் இல்லை. மறுபக்கம் கட்டம் கட்டமாக அச்சடித்து, உள்ளே தேதி, மணி, ஏதேதோ எண்கள். நலமா என்று ஒரு வரி கிடையாது. கடைசியில் மட்டும் பேனாவால் 73 என்று எழுதியிருந்தது.

விலாசத்தில் இருந்தது ஞானமணியம்மாவின் பெயர். எங்கள் ஆபீசிலேயே தந்தி அடிக்கிற அம்மா.

அடுத்து ஆஸ்திரேலியா, செக்கோஸ்லோவாக்கியா. ஒரு தடவை ரஷ்யா. எல்லாவற்றின் அடியிலும் அதே எழுபத்து மூணு. உலகத்தின் நாலு மூலையில் இருக்கிறவர்களும் ஒரே எண்ணை எழுதி எதற்காகக் காரைக்குடிக்கு அனுப்ப வேண்டும்? தபால்காரனுக்கு விலாசம் மட்டும்தான் கண்ணில் படவேண்டும். எனக்கு எண்தான் பட்டது.

ஞானமணியம்மாவுக்கு அப்போது முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. அப்பா இஞ்ஞாசிமுத்து வாத்தியார் இறந்துபோய்ப் பல வருஷம். அம்மா வியாகுலம்மாளும் அவரும் ஒரு சின்ன மச்சு வீட்டில் இருந்தார்கள். ஆபீசில் அதிகம் பேசமாட்டார். தந்தி மேசையில் உட்கார்ந்து கட்டுக் கட கட்டு என்று சத்தம் வந்தால், அது வருகிற வேகத்திலேயே பென்சிலால் எழுதிக்கொண்டு போவார். அழித்து எழுதி நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் வேலை முடிந்தால் பழைய சாமான் கடைகளுக்குப் போவார். பெரிய வீடுகளிலிருந்து கழித்துப் போட்ட ரேடியோப் பெட்டிகள் அங்கே கிடக்கும். உள்ளே இருக்கிற கண்ணாடி வால்வுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வாங்குவார். கடைக்காரர்கள் தேக்குப் பெட்டியைத்தான் விற்கப் பார்ப்பார்கள். இந்த அம்மா பெட்டியை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைக் கேட்பார். மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தட்டி அதில் வால்வு நிற்க ஓட்டை போட்டு, மருந்துக் குப்பிமேல் செப்புக் கம்பியைச் சுற்றி, அவரே ஈயம் பற்றவைத்து மச்சில் ஒரு வயர்லெஸ் செட் செய்து வைத்திருந்தார். கேட்பதற்கு ஒன்று, பேசுவதற்கு ஒன்று. மச்சிலிருந்து பக்கத்துக் காம்பவுண்டுத் தென்னைமரம் வரைக்கும் ஒரு கம்பி ஓடும். தெருவில் அதைத் துணி காயப்போடுகிற கொடி என்று நினைத்தவர்கள் உண்டு. ஒரு நாளும் அதில் துணி காயவில்லை என்பதை நான் கவனித்திருந்தேன்.

அவருக்கு ஒரே ஒரு சினேகிதி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த வீரலட்சுமி. சாக்கோட்டைக்காரி, விவசாயக் குடும்பம், ஏழெட்டு வயது இளையவள். ஞானக்கா, ஞானக்கா என்று சுற்றிச் சுற்றி வருவாள். வால்வு, கம்பிச்சுருள் எதுவும் அவளுக்குப் புரியாது. ஆனால் கம்பி அறுந்தால் தென்னைமரத்தில் ஆள் ஏற்றிக் கட்டவைப்பது அவள்தான்.

அறுபத்தொன்பதில் சந்திரனில் ஆள் இறங்கினபோது அந்த வீட்டுக்கு மதிப்பு வந்தது. திங்கட்கிழமை காலை எட்டரை மணி. வெளிநாட்டு ஸ்டேஷன் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, இங்கிலீஷில் அவர்கள் சொல்லச் சொல்ல ஞானமணியம்மா தமிழில் சொன்னார். வாசலில் முப்பது பேர். "ஏணியில எறங்குறாரு. கடைசிப் படி. கால் வச்சுட்டாரு."  வியாகுலம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். கூட்டத்தில் நானும் நின்றேன், தோளில் தபால் பையோடு. எல்லாரும் சந்திரனை நினைத்துக்கொண்டிருந்தார்கள். என் மனசில், இந்த அம்மா சொல்வதுதான் ரேடியோவில் வருகிறது என்று நமக்கு எப்படித் தெரியும் என்று ஓடியது.

அடுத்த வருஷம், தை பிறந்து கொஞ்ச நாள் இருக்கும். சனிக்கிழமை காலை. அவர் வீட்டு வாசலில் நின்று ஒரு கார்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது.

"என்னண்ணே, படிச்சாச்சா?" என்றார் ஞானமணியம்மா.

கார்டை நீட்டினேன். "விலாசம் பாத்தேம்மா."

"விலாசம் அந்தப் பக்கமுல்ல இருக்கு." சிரித்துவிட்டார். "சரி, வந்தது வந்தீக. அஞ்சு நிமிஷம் இருக்கீகளா? ஒண்ணு கேக்கலாம்."

மச்சில் மேசைமேல் வால்வுகள் கனன்றுகொண்டிருந்தன. சுவரில் டெல்லி முத்திரையோடு வயர்லெஸ் லைசன்ஸ், கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. என் காதில் ஹெட்போனை வைத்தார். முதலில் மழை பெய்கிற மாதிரி இரைச்சல். பிறகு இரைச்சலுக்கு அடியிலிருந்து மெல்லிய சத்தம். டி டி டி டி. டி டி. திரும்பவும் அதே.

"இது மனுசன் செஞ்ச சாட்டிலைட்டுண்ணே. ஆஸ்திரேலியாவுல காலேசுப் பிள்ளைக சேந்து செஞ்சது. இப்ப நம்ம தலைக்கு மேல போகுது. தந்தி பாஷையில ஹாய், ஹாய்னு சொல்லிக்கிட்டே போகுது."

"யாருகிட்டச் சொல்லுது?"

"கேக்குறவுககிட்டயெல்லாம்."

பத்து நிமிஷத்தில் சத்தம் தேய்ந்து இரைச்சலில் முழுகிப்போனது. கீழே இறங்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்திருந்தது. ஆனாலும் தெருமுனைக்குப் போவதற்குள் மனசு வேறு பக்கம் போய்விட்டது. ஆகாயத்திலிருந்து வந்தது என்பதற்கு அவர் வார்த்தையைத் தவிர என்ன அத்தாட்சி? கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறது என்றால், இவர் அதற்கு என்ன சொல்கிறார்? என் புத்தி அப்படி.

எழுபத்தொன்று டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. ஊரில் எந்தப் பேச்சானாலும் ஒற்றனில்தான் வந்து முடிந்தது. கடலோரத்தில் ஒருத்தன் படகில் வந்து இறங்கினானாம், சாமியார் வேஷத்தில் ஒருத்தனைப் பிடித்தார்களாம். டீக்கடையில் ஏட்டு பெரியகருப்பன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன முத்துராமன், வீடு வீடாப் போறவன் நீ. ஒன் கண்ணுல எதுவும் படலையாக்கும்?"

சும்மா கேட்டதுதான். நானும் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். கடையில் நாலு பேர் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த ஒன்று அவர்களுக்குத் தெரியாது என்கிற நினைப்பே தித்திப்பாக இருந்தது. சொன்னேன். கார்டுகள், ரஷ்யா, கம்பி, எல்லாவற்றுக்கும் அடியில் எழுபத்து மூணு. அடுத்தவர் தபாலில் இருப்பதை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டு வேலைக்குச் சேர்ந்தவன் நான்.

மறுநாள் காலை போலீஸ் வந்தது. சண்டைச் செய்தி கேட்ட அன்றைக்கே ஞானமணியம்மா பேசுகிற செட்டின் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டாராம். அதைச் சொன்னார், லைசன்ஸையும் காட்டினார். இருந்தாலும் மாட்டுவண்டியில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு மத்தியானம் அவரை ஸ்டேஷனில் உட்காரவைத்துக் கேட்டார்கள். ஆபீசில் எங்கள் அதிகாரி அவரைத் தந்தி மேசையிலிருந்து எடுத்துப் பழைய காகிதக் கட்டுகள் இருக்கிற அறைக்கு மாற்றினார். சந்திரனைக் கேட்க வந்து நின்ற வீட்டுக்காரர்கள் இப்போது அந்த வாசல் வந்தால் எதிர்ச்சாரிக்கு மாறி நடந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து அவராகவே என்னிடம் பேச்சை எடுத்தார். அறை வாசலில் மெதுவாக.

"முத்துராமண்ணே, ஒரு கணக்கு ஒதைக்குது. வீட்டுக்குள்ள வந்ததும் இன்ஸ்பெக்டர் மொதக் கேள்வியே, எழுபத்து மூணுன்னா என்ன அர்த்தம்னு கேட்டாரு. கார்டுப் பெட்டியை அப்புறந்தான் தொறந்தாக. அதுக்கு முந்தியே அவருக்கு எப்படித் தெரியும்? அந்தக் கார்டைப் பாத்தது நானும் வீரலட்சுமியுந்தான்."

 கொண்டுவந்து கொடுத்தவன், வாசலில் நின்று திருப்பிப் படித்தவன் ஒருத்தன் இருக்கிறான் என்பது அவருக்கு நினைவிலேயே இல்லை. சொன்னால் என் வேலை போகும். மூன்று பிள்ளைகள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அந்த வாரமே அவர்களுக்குள் முறிந்துவிட்டது. நான் அவர் வீட்டுக்கு மணியார்டர் கொடுக்கப் போயிருந்தபோது என் கண்ணெதிரே நடந்தது. வீரலட்சுமி ஒரு தூக்குவாளியில் குழம்பு கொண்டுவந்து வாசலில் நின்றாள்.

"என்ன பாத்துட்டு வரச் சொன்னாக?" என்றார் ஞானமணியம்மா.

"யாருக்கா?"

"யாருகிட்டப் போய்ச் சொன்னியோ அவுக."

வீரலட்சுமிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் என்னைப் பார்த்தாள், இதென்ன அண்ணே என்பதுபோல. நான் மணியார்டர் பாரத்தைப் பார்த்தேன். தூக்குவாளியோடு அவள் திரும்பிப் போனாள். ஆறு மாதத்தில் மானாமதுரைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஞானமணியம்மாவுக்கு அதற்குப் பிறகு எல்லார் மேலும் சந்தேகம். பால்காரியை மாற்றினார். ஜன்னலைச் சாத்தியே வைத்தார். கார்டுகள் வருவதும் நின்றது. பேசினால்தானே பதில் வரும்.

எழுபத்து மூன்று பிப்ரவரியில் செட் திரும்பி வந்தது, குற்றம் ஒன்றும் இல்லை என்கிற தாளோடு. பாதி வால்வுகள் உடைந்திருந்தன. நான் போனபோது அவர் மச்சில் சாக்கை விரித்து, உடைந்தது, உடையாதது என்று பிரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்குத் தபால் ஒன்றும் கிடையாது. நானாகப் போனேன்.

"அம்மா, ஏட்டுக்கிட்டச் சொன்னது நான்தான். வீரலட்சுமி இல்ல."

அவர் கை நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒங்க மேல எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வரலையே, அண்ணே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ரேடியோவுல பேசுனதுக்கு அத்தாட்சியா அனுப்புறது அந்தக் கார்டு. எழுபத்து மூணுன்னா வாழ்த்து. பேச்சை முடிக்கிறப்ப ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறது. அம்புட்டுத்தான்." உடைந்த வால்வு ஒன்றை ஒதுக்கி வைத்துவிட்டு, "அன்னைக்கு மச்சுல நிக்கிறப்ப கேட்டிருந்தீகன்னா சொல்லியிருப்பேனே" என்றார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நீங்க கேக்கல. நானும் அவகிட்டக் கேக்கல."

மறுநாள் லீவு போட்டு மானாமதுரைக்குப் பஸ் ஏறினார். அங்கே நடந்ததை வியாகுலம்மாள்தான் பிறகு சொன்னார். வீரலட்சுமி வீட்டுக்குள் கூப்பிட்டாளாம், சாப்பாடு போட்டாளாம். கிளம்பும்போது மட்டும், "போலீசு ஒங்களை நெனச்சதை நீங்க என்னைய நெனச்சீகளேக்கா" என்றாளாம். அதற்குப் பிறகு ஞானமணியம்மா போட்ட கடிதங்களுக்கு ஒன்றரை வருஷம் பதில் இல்லை. அந்த விலாசத்துக்குப் போகிற கடிதங்களை எங்கள் ஆபீசில் முத்திரை குத்தும்போதெல்லாம் பார்த்தேன். பதில் வருகிறதா என்று தினம் தபால் கட்டைப் பிரித்துத் தேடினேன். ஒருநாள் வந்தது. மெல்லிய இன்லண்டு கவர். உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

என்னைப் பற்றி அவர் மேலே புகார் எழுதவில்லை. ஆனால் வீட்டுக்குத் தபால் வேண்டாம், ஆபீசிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்று அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். உடைந்த வால்வுகளுக்குப் பதில் டிரான்சிஸ்டர் வாங்கிப் புதுசாக, சின்னதாக ஒரு செட் செய்தார் என்றும், புது சாட்டிலைட் ஒன்று காலை ஒன்பது மணி வாக்கில் வருகிறது என்றும் மற்றவர்கள் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். தந்தி மேசையும் அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

எழுபத்தாறில் எனக்குக் கண்டனூருக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொண்டு போகலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்து, கடைசியில் போனேன். கதவைத் திறந்தவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, "உள்ள வாங்கண்ணே, உக்காருங்க" என்றார். காப்பி கொடுத்தார். அங்குட்டு பெரிய பெரிய வீடெல்லாம் பூட்டித்தானே கிடக்கும், அதுகளுக்கு வர்ற தபாலை யார்கிட்டக் குடுப்பீக என்று கேட்டார். வாட்ச்மேனிடம் கொடுக்கலாமா, திருப்பி அனுப்பணுமா என்று எனக்கே தெரியவில்லை.

"எதுக்கும் வீட்டுக்காரகளுக்கே எழுதிக் கேட்டுக்கங்க" என்றார்.

சரி என்று எழுந்தேன்.