நீளக்காதுச் சனங்களின் சாமி

எனக்குக் காது பெரிது. இப்போது முடியை வளர்த்து ஓரளவு மறைத்து வைத்திருக்கிறேன். ஒன்பது வயதில் அதற்கு வழியில்லை. அப்பா என்னைச் சலூனில் உட்கார வைத்து, "ஒட்ட வெட்டி விடுப்பா" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுவார். பள்ளிக்கூட வேனில் என் பெயர் முறம். காற்றடித்தால் பறந்துவிடுவேன் என்று ஜன்னலோரத்தில் இடம் தர மாட்டார்கள்.

அந்த வருடம் ஆண்டு விழாவில் ஓட்டப்பந்தயத்தில் எனக்கு மூன்றாம் பரிசு. ஓடியது மூன்று பேர். பரிசாக வந்த ஆங்கிலப் படப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் காது நீண்ட மனிதர்கள் இருந்தார்கள். எல்ஃப் என்று மிஸ் சொன்னார்கள். காட்டில் இருப்பார்களாம், ஆயிரம் வருடம் வாழ்வார்களாம். என் காதுக்கு முதன்முதலாக மரியாதை கிடைத்த நாள் அது.

கோடை விடுமுறையில் அத்தை எங்கள் வீட்டில் இருந்தாள். அப்பாவின் தங்கை. கட்டிக் கொடுத்தது அறந்தாங்கியில். மாசி மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தார்கள். போகும்போது வயிறு இருந்தது, வரும்போது இல்லை. பாப்பா எங்கே என்று கேட்டேன். "அத்தைக்கு ஒடம்பு சரியில்ல, அங்கிட்டுப் போயி வெளையாடு" என்றாள் அம்மா. ஒரு கேள்விக்குப் பதில் வராவிட்டால் பலகாரம் இருக்கும் இடத்தைப் பார்த்துப் போய்விடுகிற பிள்ளை நான். போய்விட்டேன்.

பிள்ளை உயிரில்லாமல் பிறந்திருந்தது. அத்தை மயக்கம் தெளிவதற்குள் ஆண்கள் துணியில் சுற்றி எடுத்துப்போய் அடக்கம் செய்துவிட்டார்கள். அப்படிப் பிறந்ததைத் தாய்க்குக் காட்டுவதில்லை. அதற்குப் பெயர் வைப்பதில்லை, காரியம் செய்வதில்லை, படையலும் கிடையாது. இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தை சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள் என்பதுதான்.

காற்று மாறட்டும் என்று அம்மா அவளை எங்கள் முந்திரிக்காட்டுக்கு அனுப்பினாள். விழுந்து கிடக்கும் பழத்தைப் பொறுக்கிக் கொட்டையைத் திருகி எடுக்க வேண்டும். துணைக்கு நான், என் துணைக்கு அந்தப் புத்தகம். ஒரு நாள் கேட்டேன்.

"அத்தை, இவங்க எந்தச் சாமியக் கும்புடுவாங்க?"

அத்தை புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கம்வரை புரட்டினாள். அரண்மனை இருந்தது, வில் இருந்தது, வெள்ளைக் குதிரை இருந்தது.

"ஒரு கோயிலயும் காணோமேடா. பாவம். நாமளே ஒண்ணு வச்சிக் குடுப்போமா?"

அவள் அத்தனை வார்த்தைகளைச் சேர்த்துப் பேசி இரண்டு மாதமாகியிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. ஒன்பது நாள் திருவிழா, ராட்டினம், தினமும் சுண்டல், பள்ளிக்கூடத்துக்கு லீவு என்று என் கோரிக்கைகளை அடுக்கினேன். அத்தை எல்லாவற்றுக்கும் சம்மதித்தாள். கொள்கை விஷயங்களை மட்டும் அவளே பார்த்துக்கொண்டாள்.

"அவங்க சாமி தப்புப் பண்ணும்" என்றாள்.

"சாமி எப்படி அத்தை தப்புப் பண்ணும்?"

அவள் ஒரு முந்திரிப்பழத்தைத் தூக்கிக் காட்டினாள். "எல்லாப் பழத்துக்கும் கொட்டை உள்ள இருக்குல்ல. இதுக்கு மட்டும் ஏன் வெளிய தொங்குது? பழத்தச் செஞ்சு முடிச்சப்பறந்தான் ஞாபகம் வந்துச்சு. வெளிய ஒட்ட வச்சிட்டுப் போயிருச்சு."

அதனால் நீளக்காதுச் சனங்களின் திருவிழாவில் யாரும் சாமியிடம் போவதில்லை. சாமிதான் வீடு வீடாக வந்து மன்னிப்புக் கேட்கும். மன்னிப்பதும் மன்னிக்காததும் வீட்டுக்காரர்கள் விருப்பம். சாமியாக நான் இருந்தேன், காதுப் பொருத்தத்தால் வேறு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு மரமாக நின்று மன்னிப்புக் கேட்டுக் கடைசியில் அத்தையிடம் வந்தேன்.

"தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க."

அத்தை வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள். "இந்த வருசம் வேணாம். அடுத்த வருசம் வா, பாப்போம்."

எனக்குக் கோபம். சாமியாகவே இருந்தாலும் அவமானம் அவமானம்தானே.

இன்னொரு விதியும் வைத்தாள். ஒவ்வொரு வீட்டிலும் விருந்து நாளில் வராதவர்களுக்கு ஒரு இலை போட வேண்டும். முதல் வருடம் உள்ளங்கை அளவு, அப்புறம் வருடா வருடம் கொஞ்சம் பெரிய இலை.

"வராதவங்களும் வளருவாங்கல்ல" என்றாள்.

இலை போட்டுப் பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். ஒரு பெயரும் சொல்லிக் கொடுத்தாள். அவர்களுடைய இளவரசனின் பெயர் என்றாள். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது இரண்டு பேருக்குச் சொந்தமானது.

வைகாசியில் அத்தையைக் கூட்டிப்போக மாமாவும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். இந்தத் தடவை அனுப்பாவிட்டால் இனி வருவதாக இல்லை என்று முன்னாடியே போனில் சொல்லியிருந்தார்கள். அடுப்படியில் அத்தை அம்மாவிடம் பேசியதை வெளியே வடைத் தட்டின் அருகில் நின்ற நான் கேட்டேன். எனக்குக் கேட்காமல் எங்கள் வீட்டில் யாரும் எதையும் பேசிவிட முடியாது.

"அவரு ஒரு வார்த்தகூட அதப் பத்திப் பேசல அண்ணி. போன் பண்ணா சாப்டியா, மாத்திர போட்டியாங்கிறாரு. அவருக்கு வருத்தமே இல்ல."

"ஆம்பளைங்க வெளிய காட்டிக்க மாட்டாங்க."

"எங்கிட்டகூடவா? இன்னைக்கு ஒரு சொட்டு வருத்தத்த அவரு மொகத்துல பாத்துட்டேன்னா போதும். கெளம்பிப் போயிருவேன்."

எதைப் பற்றிய வருத்தம் என்று எனக்குப் புரியவில்லை. வடை நன்றாக இருந்தது.

பந்தியில் மாமா, அப்பா, நான். மாமாவின் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அத்தை பரிமாறினாள். எல்லாரும் எண்ணெய் காணாத கதவு மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் இப்படி இறுக்கம் வந்தால் அதைக் கலகலப்பாக்குவது என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டிருந்தேன். என் இலையின் நுனியைக் கிழித்து, எனக்கும் மாமாவுக்கும் நடுவில் போட்டு, கொஞ்சம் சோறு வைத்து, கோயில் பூசாரியின் குரலில் அந்தப் பெயரை மூன்று தடவை கூப்பிட்டேன்.

அத்தையின் கையில் கரண்டி அப்படியே நின்றது. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்தப் பேர ஒனக்கு யாருடா சொன்னா?"

"நீளக்காதுச் சனத்தோட எளவரசன், மாமா. அவரு இன்னும் வரல. மொத வருசங்கிறதால எல இம்புட்டுப் போதும்."

"பச்சப்புள்ளைக்கு என்னத்தடி சொல்லிக் குடுத்து வச்சிருக்க?" என்றார் மாமாவின் அம்மா. அப்பா என் முதுகில் ஒன்று வைத்தார். மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கை கழுவக் கொல்லைப்பக்கம் போனார்.

என் நகைச்சுவைக்கு ஆள் எழுந்து போனது அதுவே முதல் தடவை. பின்னாலேயே போய்க் கதவிடுக்கில் பார்த்தேன். மாமா குழாயைத் திறந்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார். தோள் இரண்டும் குலுங்கின. வாயை முழங்கையில் புதைத்திருந்தார். வகுப்பில் நான் சேட்டை செய்யும்போது மிஸ்ஸுக்குத் தெரியாமல் பையன்கள் சிரிப்பை அடக்குவார்களே, அச்சாக அப்படியே. சந்தோஷமாக உள்ளே ஓடினேன். அத்தை அந்தச் சின்ன இலையின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"மாமா என்னடா பண்றாரு?"

"சிரிக்கிறாரு அத்தை. அவரால அடக்கவே முடியல."

"நல்லாப் பாத்தியா?"

"தோளு ரெண்டும் குலுங்குது. வேணும்னா நீயே வந்து பாரு."

அவள் வந்து பார்க்கவில்லை. கீழே உட்கார்ந்து அந்த இலையை மெதுவாக மடித்தாள். வெளிப்பக்கமாக.

"அத்தை, தப்பா மடிக்கிற. சாவு வீட்லதான் அப்புடி மடிப்பாங்க."

"தெரியும்டா" என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "நான் வரலன்னு சொல்லிருங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாமா முகம் கழுவிக்கொண்டு வந்தார். சட்டையெல்லாம் ஈரம். சாத்தியிருந்த கதவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். தட்டவில்லை. அவருடைய அம்மா காரில் ஏறிவிட்டிருந்தார்.

மாமாவுக்கு இப்போது வேறு குடும்பம், இரண்டு பிள்ளைகள். அத்தை புதுக்கோட்டையில் டீச்சராக இருக்கிறாள், தனியாக. அழும்போதும் தோள் அப்படித்தான் குலுங்கும் என்று, அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்று என் தோளிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். அதற்கப்புறம் அத்தையிடம் சொல்லிவிட எத்தனையோ தடவை போன் பண்ணியிருக்கிறேன். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் யாரும் என்னிடம் பேசவில்லை. முதுகு எரிந்தது. ஆனாலும் எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அத்தனை பேர் உம்மென்று உட்கார்ந்திருந்த பந்தியில் ஒரே ஒருத்தரையாவது சிரிக்க வைத்துவிட்டேனே என்று.