வலியுல்லா மருந்து போட்ட கிணறு

வலியுல்லாவைப் போல ஒரு சாதுவை நான் பார்த்ததில்லை. அவ்வளவு சாதுவாக இருப்பது எனக்குப் பிடிக்கவும் பிடிக்காது. சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர், கூவத்தை ஒட்டிய எங்கள் சந்தில் எனக்குப் பக்கத்து வீடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் வாந்திபேதி பரவியபோது, பொதுக்கிணற்றுக்கு மருந்து போடும் வேலையைத் தானாக இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கு ஒரே பெண், மூன்று வயது ஜைதூன். அவளும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தாக வேண்டும்.

கயிறு விட்டு அளந்து, தண்ணீர் ஆறாயிரம் காலன், அதாவது அறுபதாயிரம் ராத்தல் எடை என்றார். பத்து லட்சம் பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு குளோரின் வேண்டும். பிளீச்சிங் பவுடரில் நாலில் ஒரு பங்குதான் குளோரின். ஆக அரை ராத்தல் பவுடர். கரைத்து ஊற்றினார். தண்ணீரில் கிடக்கும் இலை, சேறு எல்லாவற்றோடும் மல்லுக்கட்டியது போக மிச்சம் நிற்பதுதான் கிருமியைக் கொல்லும் என்பார். மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, கஞ்சியில் அயோடைடு உப்பைக் கலந்து ஒரு குவளை கிணற்று நீரில் விடுவார். நீலமானால் நிம்மதி.

மறுநாள் நீலம் வரவில்லை. ஒரு ராத்தல் போட்டார். அப்போதும் வரவில்லை. பவுடர் நமுத்துவிட்டதோ என்று புது டப்பா உடைத்தார்.

"கணக்கு தப்பில்ல நைனா, தண்ணி இன்னாவோ பண்ணுது," என்று என்னிடம் வந்து நின்றார்.

அந்த வாரமே ஜைதூனுக்கு வாந்திபேதி கண்டது. கொடுத்த மருந்து எதுவும் வயிற்றில் தங்கவில்லை. காலையில் படுத்த குழந்தை மாலைத் தொழுகைக்குள் போய்விட்டது.

அடக்கம் முடிந்த பின் கிணற்றில் ஆள் இறக்கினோம். கல் கட்டிய பச்சை நெல்லிக்கட்டைகள் வந்தன. தண்ணீர் ருசிக்க நம் பெண்கள் போடுவதுதான். அந்தத் துவர்ப்பு குளோரினை மிச்சமில்லாமல் தின்றிருக்கிறது என்றார் வலியுல்லா, எனக்கு மட்டும் கேட்கிற குரலில். எந்தப் புண்ணியவதி செய்த வேலை என்று நான் சந்து அதிரக் கத்தினேன்.

அவர் மனைவி நஸ்ருன்னிசா வாசலுக்கு வந்தாள்.

"நான்தான் போட்டேன். கொயந்த அந்தத் தண்ணிய வாயில வெச்சாலே துப்பிச்சு. நாத்தம் போனா குடிக்கும்னு, நீங்க கொட்டக் கொட்ட நானும் கட்டயப் போட்டேன். அப்டியும் உங்க மருந்து அத வாரிக்கினு போயிடுச்சே."

மருந்தைத் தின்றதே அந்தக் கட்டைதான் என்று சொல்லிவிட வாயைத் திறந்தேன். வலியுல்லா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"ஆமா நஸ்ரு," என்றார். "என் மருந்துதான்."

சந்தே கேட்டுக்கொண்டு நின்றது. மறுநாள் அவர் டப்பாவோடு வந்தபோது கிணற்றை நெருங்க ஒருவரும் விடவில்லை. நெல்லிக்கட்டையைச் சொல்லாமல் அவரை விடச் சொல்வது எப்படி?