கண்ணாடிக்கு நிற்கும் வண்டிகள்

என் அறைக்குக் கீழே கண்ணாடி வெட்டும் கடை. கடைக்காரரை எல்லாரும் கண்ணாடிக்காரர் என்பார்கள். எனக்கு அவர் அண்ணன். அவர் மனைவி எனக்கு அக்கா; எதிர்ப்பக்கம் இருக்கும் சட்டைக் கம்பெனியில் பட்டன் ஓட்டை போடும் காஜா மெஷின் ஓட்டுகிறவர். வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் ஒரே ஒரு ஒருவழிச் சாலைதான். அந்த வாரம் முழுக்க எங்களை உட்காரவிடாமல் அடித்தது அந்தச் சாலை.

பாதசாரிகள் கடப்பதற்கென்று வெள்ளைப் பட்டை போட்ட இடத்தில், கையைக் காட்டியபடிதான் அக்கா நடந்திருக்கிறார். ஒரு வேன் நிற்காமல் வந்து முழங்கையை உரசிவிட்டது. காயம் பெரிதில்லை. ஓட்டியவன் தலையை வெளியே நீட்டி, "வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். அதற்கப்புறம் அக்காவுக்கு அந்தப் பக்கம் கால் போகவில்லை. காலையில் கிளம்புவார், சாப்பாட்டு டப்பாவோடு சாலை ஓரத்தில் நிற்பார், திரும்பி வந்துவிடுவார். வந்து வீட்டைக் கூட்டுவார். கூட்டின இடத்தையே மறுபடி கூட்டுவார். திங்கட்கிழமையும் வராவிட்டால் மெஷினில் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லியனுப்பிவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்ததைச் சும்மா வைத்திருக்க முடியுமா? "அக்கா, அந்தப் பட்டைல நீங்க கால் வச்சா வண்டிதான் நிக்கணும். அது உங்க உரிமை. விதியிலயே இருக்கு" என்றேன்.

"அந்த வேன்காரன் எந்தக் காலேஜ், தம்பி?" என்றார் அக்கா, துடைப்பத்தை நிறுத்தாமல்.

"எங்க ஊர்ல எருமை குறுக்க போனாக்கூட பஸ் நிக்கும்கா."

"அப்ப எருமையாப் பொறந்திருக்கணும்."

அண்ணன் சிரிக்கவில்லை. கடைக்குள் போவதும் வாசலுக்கு வருவதுமாக இருந்தவர் சட்டென்று நின்றார். "தம்பி, நாங்க கண்ணாடி தூக்கிட்டுக் கடக்கும்போது எவனும் ஹாரன்கூட அடிக்க மாட்டான், கவனிச்சிருக்கியா? லாரிக்காரனே பொறுமையா நிப்பான்."

"உங்க மேல மரியாதையா?"

"உடைஞ்சா அவன் பெயிண்ட்ல கீறல் விழும்ல."

புதுக் கண்ணாடி இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. யாரும் மோதிவிடக் கூடாதென்று அதன் மேல் பெருக்கல் குறி மாதிரி வெள்ளை டேப் ஒட்டுவது அவர்கள் தொழில் வழக்கம். திங்கட்கிழமை காலை அண்ணன் ஒரு பெரிய ஜன்னல் பிரேமை எடுத்தார். கண்ணாடி போடாத வெறும் பிரேம். மூலைக்கு மூலை டேப்பை இழுத்து ஒட்டினார். தள்ளி நின்று பார்த்தால் சத்தியமாகக் கண்ணாடிதான். கடை ஆள் லீவு. இன்னொரு முனையை நான் பிடித்தேன்.

"பட்டதாரிக் கை, பார்த்துப் பிடி" என்றார் அக்கா.

வண்டிகள் வரும் பக்கம் பிரேமைக் காட்டி, அதன் மறைவில் அக்காவை நடக்கவிட்டு இறங்கினோம். ஆட்டோ நின்றது. பஸ் நின்றது. எனக்கோ எவ்வளவு வேகமாக நடந்தாலும் போதவில்லை. பாதி வழியில் காற்று வீசியது. டேப் ஒரு மூலையில் பிய்ந்து படபடத்தது. முன்னால் நின்ற கார்க்காரர் அதைப் பார்த்துவிட்டார். இறங்கி வந்து பிரேமுக்குள் கையை விட்டு ஆட்டினார்.

"யோவ், கண்ணாடியே இல்ல. இதுக்கா என்னை நிக்க வச்சீங்க?"

அண்ணன் பிரேமைத் தரையில் இறக்கிவிட்டார். நான் விதியைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா டப்பாவை இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, மிச்ச டேப்பையும் அறுத்துக்கொண்டு பிரேமுக்குள்ளேயே புகுந்து கார்க்காரர் முன்னால் போய் நின்றார்.

"கண்ணாடி இல்லைங்க. நான் இருக்கேன்ல?"

பின்னால் ஹாரன்கள் கார்க்காரர் மேலேயே விழத் தொடங்கியிருந்தன. "சரி சரி, போம்மா" என்றார்.

"போறேன். நீங்க போய் வண்டியில உக்காருங்க. நான் போனப்புறம் எடுங்க."

மீதிச் சாலையைத் தனியாகவே கடந்து கம்பெனி வாசலில் நுழைந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. நடுச்சாலையில் அண்ணனும் நானும் பிரேமும்.

சாயங்காலம் அண்ணனுக்கு வேலையில் கை ஓடவில்லை. புதிதாக டேப் ஒட்டி பிரேமை வாசலில் சாய்த்து வைத்திருந்தார். கம்பெனி விட்டது. அக்கா எதிர் ஓரத்தில் வந்து நின்று கையைக் காட்டினார். ஒரு பைக் நிற்கவில்லை. அடுத்து வந்த வேனும் நிற்கவில்லை. "பிடி தம்பி" என்று அண்ணன் பிரேமில் கை வைத்தார். நானும் குனிந்தேன்.

அக்கா பார்த்துவிட்டார். வேண்டாம் என்று கையை எங்கள் பக்கம் ஆட்டிவிட்டு, அதே கையை வண்டிகள் பக்கம் திருப்பி, பட்டையில் காலை வைத்தார். ஒரு லாரி மூச்சு வாங்கியபடி நின்றது. டிரைவர் தலையை நீட்டி ஏதோ கேட்டார். அக்கா பதில் சொல்லிவிட்டு நடந்து வந்தார்.

"என்ன கேட்டான்?" என்றார் அண்ணன்.

"வீட்ல சொல்லிட்டு வந்தியான்னு."

"நீ என்ன சொன்னே?"

"வீட்ல எல்லாரும் வாசல்லயே நின்னு பார்த்துக்கிட்டிருக்காங்கன்னேன்." டப்பாவை என் கையில் திணித்தார். "நாளைக்கு ரெண்டு பேரும் வெளியில நிக்காதீங்க. ரோட்டைப் பார்க்குறதா, உங்க மூஞ்சியைப் பார்க்குறதா?"

அண்ணன் தலையாட்டிவிட்டு பிரேமை உள்ளே கொண்டுபோய் வைத்தார். டேப்பை மட்டும் பிய்க்கவில்லை. நானும் பிய்க்கச் சொல்லவில்லை.