குத்தாலம் தையல்

1. வர வேண்டாம் என்றான்

"நீ வர வேண்டாம்மா" என்று என் மகன் சேகர் சொன்னபோது நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் காமிக்ஸ் திருவிழா. பழைய படக்கதைப் புத்தகம் சேர்ப்பவர்கள், விற்பவர்கள், வேஷம் கட்டிய பிள்ளைகள் எல்லாரும் கூடுவார்களாம். குடும்பத்தோடு போகலாமா என்று வீட்டில் சில நாளாக அதே பேச்சு. பேத்தி மதுவுக்கு முகமூடிகூடத் தைத்தாகிவிட்டது. இப்போது நான் மட்டும் வேண்டாமாம்.

"ஏன்டா, வண்டியில இடம் இல்லையா?"

"இடமெல்லாம் இருக்கு. அங்க வர்றவங்க ஒரு மாதிரிம்மா. உனக்குச் சரிப்படாது."

அடுப்படியிலிருந்து மருமகள் கலா குரல் கொடுத்தாள். "மூடி மூடிப் பேசாதீங்க. அத்தைகிட்ட உள்ளதைச் சொல்லுங்க."

உள்ளது இதுதான். சேகரும் புத்தகம் சேர்க்கிறவன். அந்தக் கூட்டத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. நாலைந்து காமிக்ஸை ஒன்றாகத் தைத்து, ஓரம் வெட்டிய பழைய பைண்டிங் எங்கே அகப்பட்டாலும், "குத்தாலம் தையல், வீணாப்போச்சு" என்று படம் பிடித்துப் போடுவார்களாம். ஓரம் வெட்டினால் சேர்ப்பவர்களிடம் விலை போகாதாம். குத்தாலம் பக்கத்திலிருந்து வந்தவை என்று மட்டும் தெரியும், தைத்தது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. சேகருக்குத் தெரியும். அவன் வாயைத் திறக்கவில்லை.

"யாராவது உன் முன்னாடியே திட்டினா நீ சும்மா இருக்க மாட்டம்மா."

"இருக்க மாட்டேன்தான்" என்றேன்.

2. ரயிலடிக் கடை

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாடகைப் புத்தகக் கடை தெரியாது. புத்தகத்தை வாங்க வேண்டாம். எடுத்துப் போய்ப் படித்துவிட்டு, வாடகை கொடுத்துத் திருப்பித் தர வேண்டும். குத்தாலம் ரயிலடியில் என் வீட்டுக்காரர் அப்படி ஒரு கடை போட்டார். சீக்கிரமே சலித்துப்போய் உரக்கடை வேலைக்குப் போய்விட்டார். கடை என் தலையில் வந்தது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் நடத்தினேன். குதிரைக்காரன் புத்தகம், ஒற்றைக்கண்ணன் புத்தகம் என்று அட்டைப்படத்தை வைத்தே எடுத்துக் கொடுப்பேன்.

நான் உட்கார்ந்த முதல் நாள், அதுவரை யாரும் எடுக்காத காமிக்ஸ் ஒன்று காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பி வந்தது. அட்டை தனி, உள்தாள் தனி. மேலே டீக் கறை. கொண்டுவந்தவர் நடவு வயலிலிருந்து நேரே வந்தவர், விரலில் சேறுகூடக் காயவில்லை.

"அக்கா, நான் ஒண்ணும் பண்ணலை. பிரிச்சேன், அதுவா வந்துடுச்சு" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. ஆற்றோரத்து ஈரத்தில், புத்தகத்தில் அடித்திருக்கும் கம்பிப் பின் அலமாரியிலேயே துருப்பிடித்துத் தாளை அறுத்துவிடும். அன்றைக்கே முடிவு செய்தேன், இனிமேல் தைக்காமல் எதுவும் வெளியே போகாது என்று.

பின்னைப் பிடுங்கி எறிவேன். நாலைந்து புத்தகத்தை அடுக்கிக் குத்தூசியால் துளை போட்டு, மெழுகு தேய்த்த நூலால் தைப்பேன். மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பேன், பூச்சி அண்டாது. முதுகுக்குச் சிவப்புக் காலிகோ துணி. கடைசியில் அச்சகத்தில் கொடுத்து மூன்று பக்கமும் கட்டிங். ஓரம் பிசிறாக இருந்தால் கிழிசல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

கட்டிங்கில் சில சமயம் பேச்சு எழுதியிருக்கும் வட்டமும் போய்விடும். பஸ் கண்டக்டர் ஒருவர் வந்து கேலி செய்வார்.

"என்னக்கா, வில்லன் பேசிக்கிட்டே இருக்கான், பாதியில வாயை வெட்டிட்டீங்க?"

"அவன் பேசி என்னங்க ஆகப்போவுது? சுடறது தெரியுதுல்ல, படிங்க."

துபாய்க்குப் போன ரஹீம் பாய் ஒரு பைண்டிங்கைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார். போனது போனதுதான் என்று விட்டுவிட்டேன். லீவில் வந்தவர் அத்தரோடு அதையும் கொண்டுவந்து வைத்தார். "ரூம்ல அத்தனை பேரும் படிச்சோம் அக்கா. தாள் மஞ்சளாச்சு, தையல் அசையலை" என்றார்.

அதற்குப் பிறகு என் வேலையைப் பற்றி நான் யாரிடமும் சான்று கேட்டதில்லை.

3. பட்டுப்புடவை

பூண்டை உரித்து முடித்தேன். பீரோவைத் திறந்து, கல்யாணத்துக்குக் கட்டும் பட்டை எடுத்து வெளியே வைத்தேன். சேகருக்குப் புரிந்துவிட்டது.

"அம்மா, சொன்னாக் கேளு. திட்டுவாங்க."

"திட்டட்டும்டா. என் வேலையைத் திட்டறவன் என் முகத்தைப் பார்த்துத் திட்டட்டும்."

கலா கரண்டியோடு வந்து நின்றாள். "அத்தை வரலைன்னா நானும் வரலை, மதுவும் வரமாட்டா. நீங்க மட்டும் போய், பிரிக்கவே விடாத புத்தகத்துக்கு மேல பிளாஸ்டிக் கவரைத் தடவிப் பார்த்துட்டு வாங்க."

"பாட்டி, நீ என்ன வேஷம் போடப்போற?" என்று கேட்டாள் மது.

"எனக்கு என் வேஷமே போதும்டி."

சேகர் கடைசியாக ஒன்று கேட்டான். "சரி வா. யாருன்னு மட்டும் சொல்லாதே."

"பார்க்கலாம்" என்றேன். கடையில் கடன் கேட்பவர்களுக்கும் நான் அப்படித்தான் பதில் சொல்வேன்.

4. மண்டபத்தில்

பந்தி போடுகிற மேஜைகளை வரிசையாகப் போட்டுப் புத்தகங்களைப் பரப்பியிருந்தார்கள். எல்லாம் கவருக்குள். மது ஒன்றை எடுக்கப் போனாள்.

"பாப்பா, தொடாதே" என்றார் மேஜைக்காரர், தாடி வைத்தவர். "படிக்கணும்னா கீழ இருக்கற பெட்டியில எடுத்துக்க."

கீழே ஒரு அட்டைப் பெட்டி. அதைச் சுற்றிப் பிள்ளைகள் வேஷத்தோடு தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மடியில் சிவப்புக் காலிகோ தெரிந்தது. எனக்குக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை.

"அதெல்லாம் வீணாப்போனது சார், குத்தாலம் தையல்" என்று அவர் சேகரைப் பார்த்துச் சொன்னார். "எந்தப் புண்ணியவானோ தைச்சுத் தொலைச்சிருக்கான்."

சேகர் தரையைப் பார்த்தான்.

"புண்ணியவான் இல்லீங்க, புண்ணியவதி" என்றேன். "நான்தான் தைச்சேன்."

சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "ஏம்மா இப்படிப் பண்ணீங்க? ஓரத்தை வெட்டாம விட்டிருந்தா இது எப்பேர்ப்பட்ட புத்தகம் தெரியுமா?"

"வெட்டாம விட்டிருந்தா இது புத்தகமாவே இருந்திருக்காதுங்க. ஊரே படிச்சது. இழுத்துப் பாருங்க தையலை."

அவர் இழுக்கவில்லை. "என்ன சொன்னாலும் எனக்கு மனசு ஆறலைம்மா."

"ஆற வேண்டாம். அது உங்க பாடு."

அப்போது சேகர் குனிந்து பெட்டியைக் கிளறினான். ஒன்றை எடுத்து நிமிர்ந்தான். அடுத்த மேஜைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "அம்மா, இதுவும் உன்னுதுதான். பச்சைக் காலிகோ. சிவப்புத் துணி கிடைக்காம இருந்துச்சே, அப்பத் தைச்சது."

அவனுக்கு அது நினைவிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் செய்த வேலையைப் பின்னால் வருபவர்கள் வேறு கண்ணால் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அது எதற்காகச் செய்யப்பட்டது என்று சொல்ல அந்த இடத்தில் நீங்கள் இருக்க வேண்டும். சங்கடப்பட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள்.

பச்சைக் காலிகோவை வாங்கிக்கொண்டு வந்தோம். வண்டியில் மது படித்துக்கொண்டே வந்தாள். அதிலும் வில்லன் பேச்சு பாதிதான் இருந்தது. மீதியை அவளே சொந்தமாகப் பேசிக்கொண்டு வந்தாள், முகமூடியைக் கழற்றாமல்.