என் கையால் கொடுத்த டீ

எங்கள் சித்தப்பா தாராவியில் தோல் பை தைத்துக்கொண்டிருந்தார். நான் இரண்டாம் வகுப்பு படித்த வருடத்து மழைக்காலத்தில், தையல் மெஷின் தன்னைப் பற்றிப் பேசுகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். தூக்கமும் போயிற்று. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைத் தொடமாட்டேன் என்றார். அப்பா அவரை வேலைக்கே அனுப்பவில்லை. நாள் முழுக்கப் பாய், டிவி, சோறு. ராஜ வாழ்க்கை என்று எனக்கு ஒரே பொறாமை.

அம்மா எதைக் கொடுத்தாலும் மோந்துவிட்டு, "மைனி, இதுல என்னமோ கலந்திருக்கு" என்று தள்ளிவிடுவார். சீக்குதான் அப்படிப் பேசவைக்கிறது என்பார் அப்பா. நான் நீட்டும் டீயை மட்டும் மறுக்கமாட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தில் எல்லோரிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் டம்ளரை வாங்கியவர், என்னிடமே திருப்பி நீட்டினார்.

"ஏட்டி, முதல்ல நீ ஒரு வாய் குடி."

சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ, எனக்கென்ன கசக்கவா செய்யும்? உதட்டில் வைப்பதற்குள் அம்மா ஓடிவந்து தட்டிவிட்டாள். மாத்திரையைப் பொடித்து அதில் போட்டிருந்தது அவளுக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

"நான் சொன்னேம்லா மைனி" என்றார் சித்தப்பா. குரலில் கோபமே இல்லை.

அதன்பின் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கவில்லை அவர். அப்பா பயந்துபோய் மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அம்மாவும் கிளம்பினாள், நானும் ஒட்டிக்கொண்டேன். அங்கே செம்பூர்ப் பக்கத்துத் தமிழ் டாக்டரம்மா ஒருவர். அம்மா சொன்னதைக் கேட்டார், திட்டவில்லை. இனி ஒளித்துக் கொடுக்கவேண்டாம் என்றார். பிறகு சித்தப்பாவிடம், உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். வழக்கம்போல் அப்பா வாயெடுத்தார்.

"அவரே சொல்லட்டும் சார்."

சித்தப்பா சொன்னார்: "கை நடுங்குது. தையல் கோணிரும். ஏன் நடுங்குதுன்னு ஒருத்தரும் சொல்லல."

அது மாத்திரையால் வரும் நடுக்கம் என்று டாக்டரம்மா விளக்கி, வேறு மாத்திரை எழுதினார். அதை எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று அவரையே கேட்டார்.

"வேலைக்குப் போயிட்டு வந்து."

அப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அரைநாள் போய்ப் பார்க்கட்டும் என்றார் டாக்டரம்மா.

மெஷின் பேச்சு உடனே நின்றுவிடவில்லை. ஆனால் சித்தப்பா தைத்துவிட்டு வந்தார், தானே மாத்திரையைப் பிய்த்து விழுங்கினார், தானே டீ போட்டுக் குடித்தார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். என்னை ஏனென்று கேட்கவில்லை.

"சித்தப்பாவுக்கு இனிமே நான் வேண்டாமாம்மா" என்று அம்மாவிடம் போய் அழுதேன். அவள் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, என்னைவிடப் பெரிதாக அழுதாள். எனக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து, "பரவால்லம்மா" என்று அவளைத் தேற்றினேன்.