மகளும் மேகப் படமும்

பிள்ளை விஷயத்தில் எதுவரை எச்சரிக்கை, எங்கிருந்து அது வெறும் பயம்? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

போன வருடம் மழைக்காலம் தொடங்கிய சமயம். மைசூரில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் ஒரு சாயங்காலம் நடந்தது இது. என் மகளுக்கு ஆறு வயது. மழையில் நனைந்து சளி பிடித்தால் வீசிங் வந்துவிடும். ஒருமுறை ஆஸ்பத்திரியில் அவள் மூச்சுக்குத் திணறியதைப் பார்த்தேன். அதிலிருந்து, அவளை வெளியே அனுப்பும் முன் போனில் சேட்டலைட் மேகப் படத்தைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கேரளப் பக்கமிருந்து வெள்ளை நகர்ந்து வந்தால் ஸ்வெட்டர், குடை. ரொம்ப அடர்த்தியாக வந்தால் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியதுதான்.

அன்று நல்ல வெயில். தெருப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கேட்டைப் பிடித்தபடி நின்றாள். "வாடீ, நீ வரலையா?" என்று ஒருத்தி கூப்பிட்டதற்கு, "எங்கம்மா இன்னும் சேட்டலைட் பார்க்கலை" என்றாள்.

பக்கத்து வீட்டுப் பெண் சிரித்துவிட்டாள். "ஏன்க்கா, உங்க வீட்டுக்கு மழை போன்லதான் பெய்யுமா? தலையைத் தூக்கிப் பாருங்க, வானம் இங்கேயே இருக்கில்ல!"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் கை போனைத்தான் எடுத்தது. படத்தில் மைசூருக்கு மேல் ஒரே வெள்ளை. வானத்திலோ வெயிலை மறைக்காத மெல்லிய மேகம். ரொம்ப உயரத்தில் இருக்கும் மேகம் மழை தராவிட்டாலும் படத்தில் பளீரென்று தெரியும் என்று எங்கோ படித்திருக்கிறேன். இது அதுதானா? யாரைக் கேட்பது?

மகள் எட்டிப் பார்த்தாள். "இதுல நான் எங்க இருக்கேன்மா?"

"நீ தெரிய மாட்டே கண்ணு. மேகத்தோட மேல்பக்கம் மட்டும்தான் தெரியும்."

"அப்புறம் நான் விளையாடலாமான்னு அதுகிட்ட ஏன் கேக்கறே?"

ஸ்வெட்டரைக் கழற்றி அனுப்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் நாலு தூறல் விழுந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள், இவளும்தான். கூட்டி வந்து தலையைத் துவட்டினேன். அடுத்து வந்த நாட்களில் அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டபடியே இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அதன்பிறகு அவள் முன்னால் படம் பார்ப்பதில்லை. சமையலறையில் குக்கர் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். ஆனால் நான் உள்ளே போனதும் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டருகே நின்றுவிடுகிறாள். நான் வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஓடுகிறாள்.

இப்படிப்பட்ட பிள்ளைகளை வளர்த்தவர்கள் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். அந்தப் பயத்தை முகத்தில் காட்டாமல் நீங்கள் எப்படி இருந்தீர்கள்?