மழை ஏறி வரும் வண்டி

சென்னை வண்டி ஆம்பூரில் நிற்பதற்குள் தேவசகாயம் அதனோடு கூடவே ஓடுகிறார். ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்து ஒரே கேள்வி: "அந்தாண்ட மழையா?" அவர் மேஸ்திரியாக இருக்கும் தோல் கிடங்கின் முற்றத்தில் பதனிட்ட தோல்கள் காய்கின்றன. நனைந்தால் கறை விழும். அரைகுறையாகக் காய்ந்ததை அள்ளி அடுக்கினால் பூஞ்சணம் பூக்கும். எதுவானாலும் உருளப்போவது அவர் தலைதான்.

மாதத்துக்குத் தகுந்த வண்டி வைத்திருக்கிறார் மனிதர். ஆடி, ஆவணியில் ஜோலார்பேட்டைப் பக்கத்து வண்டியைத்தான் நம்புவார். ஐப்பசி பிறந்துவிட்டால் அதைத் திரும்பியும் பார்க்கமாட்டார்; சென்னையிலிருந்து வருவதுதான் கணக்கு. "ஆவணியில வாணியம்பாடி நனைஞ்சா சாயங்காலம் நாம நனைவோம். ஐப்பசியில நெமிலி, வேலூரு, அப்புறந்தான் நம்மூரு. சித்திரையில பேயறதெல்லாம் மழையா? மாங்கா உதுக்க வர்ற காத்து!" என்பார். வானத்தைப் பார்ப்பதே இல்லை. மேகம் பொய் சொல்லுமாம்.

போன வாரம் வண்டியே பொய் சொல்லிவிட்டது. முன்பெட்டி சொட்டச் சொட்ட வந்து நின்றதும், யாரையும் கேட்கப் பொறுமையில்லாமல் சிவப்புத் தலைப்பாகையை அவிழ்த்துக் கொடிபோல் ஆட்டினார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிடங்கு ஆட்களுக்கு அதுதான் சைகை. ஆட்கள் பதறிக்கொண்டு தோல்களை அள்ளினார்கள். ஒரு பொட்டு மழை இல்லை. வழியில் இஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்தபோது குழாய் பீறிட்டுப் பெட்டியை நனைத்திருக்கிறது! அடுக்கிய தோலில் பாதி பாழ். முதலாளி நிசார் அஹமது சாயபு குரலைக்கூட உயர்த்தவில்லை.

"இன்னொரு வாட்டி இந்தப் பேஜார் வேணாம். அப்புறம் நீ வேற எடம் பாத்துக்கோ."

பாவம், அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

இன்றும் வண்டி நனைந்துதான் வருகிறது. இங்கேயோ ஐப்பசியிலும் வெயில் மண்டையைப் பிளக்கிறது. "அந்தாண்ட மழையா?" கொட்டுகிறது என்கிறான் ஒருவன். தூறல்கூட இல்லை என்கிறான் அடுத்தவன். மூன்றாமவன் தூங்கிவிட்டானாம். தேவசகாயத்தின் கை தலைப்பாகை வரை போய்ப் போய்த் திரும்புகிறது.

கோழிக்கூடையோடு ஒரு குடியானவர் இறங்குகிறார்.

"எந்தூரு பெரியவரே?"

"நெமிலி."

தேவசகாயம் சட்டென்று குனிந்து அவர் காலைப் பிடிக்கிறார்.

"அய்ய, இன்னாய்யா இது, கால்ல வுழற! என்னை யாருன்னு நெனச்சுக்கினே?"

பெரியவரின் கால்விரல் இடுக்கில் களிமண் ஒட்டியிருக்கிறது, இன்னும் ஈரம் காயவில்லை. அதைக் கிள்ளி எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தபடியே, மறு கையால் தலைப்பாகையை அவிழ்க்கிறார் தேவசகாயம்.